ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்ற மாமியார்

என் காலைப் பார்க்க ஊரெல்லாம் காசு கொடுக்கப் போகிறது என்று என் மகள் அமுதா போனில் சொன்னபோது, நான் நெல் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தேன். கோணி ஊசி விரலில் ஏறிவிட்டது.

"இன்னாடி சொல்ற?"

"காலு மட்டும்தாம்மா. மூஞ்சி தெரியாது. ஆடி மாசம் பவர் டில்லர் சேடையில மாட்டிக்கிச்சே, நீ எறங்கித் தள்ளுனியே, அப்ப உன் மாப்ள ஒரு போட்டோ எடுத்தாராம். அதைத்தான் அவங்க பாட்டு ஆல்பத்துக்கு அட்டையா போடணும்னு பேண்டுல மூணு பேரும் ஒத்தக் காலுல நிக்கிறாங்க."

தண்ணீர் கட்டி உழுது, நடவுக்காகக் கூழாக்கிய வயலைத்தான் நாங்கள் சேடை என்போம். அதில் இறங்கியதற்கு எனக்கு வெட்கம் கிடையாது. என் வீட்டுக்காரர் போன பிறகு திருப்பாச்சூர் பக்கத்திலிருக்கும் எங்கள் நிலத்தை நான்தான் பார்க்கிறேன். டில்லர்காரன் திணறினால் இறங்கித் தள்ளுவேன். ஆனால் அன்றைக்குப் புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் சொருகியிருந்தேன். வரப்பில் மாப்பிள்ளை நின்றது எனக்குத் தெரியாது.

எங்கள் வீடுகளில் மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே நிற்பதில்லை, சரிசமமாக உட்காருவதில்லை. நேராகப் பேசுவதும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொன்னால் மகள் அவரிடம் சொல்வாள். இது மரியாதை. அப்படிப்பட்டவர் என் முழங்காலைப் பார்த்திருக்கிறார், படமும் பிடித்திருக்கிறார், இப்போது ஊருக்கே காட்டப் பார்க்கிறார்.

"முடியாதுன்னு சொல்லிடு" என்றேன்.

அமுதா சொன்னாள்: "செவ்வாக்கிழமை அச்சுக்குப் போவுதும்மா. அத்தை வேணாம்னா வேற படமே வேணாம், வெறும் கறுப்பு அட்டை போட்டுடலாம்னுட்டாரு. டூட்டி முடிச்சிட்டு வந்து தூங்காம எத்தினி வருசமா பண்ண பாட்டு தெரியுமா? உன்னை வந்து கேக்கக்கூட அவருக்கு பயம்."

பயம் என்றதும் எனக்கு மனசு கொஞ்சம் இறங்கியது. "பாட்டைக் கேக்காம காலைக் குடுக்க மாட்டேன். நானே வரேன்" என்றேன்.

பெண் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவது எங்கள் வழக்கமில்லை. அமுதாதான் பண்டிகைக்குப் பண்டிகை இங்கே வருவாள். அதனால் ஒரே மாவட்டத்தில் இருந்தும் கும்மிடிப்பூண்டியை நான் பார்த்ததில்லை. சிலருக்கு சிங்கப்பூர் எப்படியோ எனக்கு அது அப்படி. நவரைப் பட்டத்துக்குச் சேடை ஓட்ட திங்கட்கிழமை டில்லருக்குச் சொல்லி வைத்திருந்தேன். அதற்குள் போய் வந்துவிடலாம் என்று, சனிக்கிழமை காலை நாஷ்டாவை முடித்துக்கொண்டு, புது அரிசி ஒரு பையும் வேர்க்கடலை ஒரு பையுமாகப் புறப்பட்டேன்.

பெரியபாளையம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது.

"அல்லாரும் எறங்குங்க. கிளட்சு போச்சு. பின்னால வர்ற வண்டில ஏத்தி வுடுறேன்" என்றார் கண்டக்டர்.

பின்னால் வருகிற வண்டி வரவேயில்லை. வெயில் ஏறியது. அந்தப் பக்கமாக வந்த ஒரு வெள்ளை பஸ்ஸுக்குக் கை காட்டினேன். நின்றது, ஏறிவிட்டேன். பலகையும் இல்லை, கண்டக்டரும் இல்லை. உள்ளே எல்லாம் பெண் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே மாதிரி நீல நிற மேல்சட்டை.

"கேன்டீனுக்குப் புதுசா வந்துகிறீங்களா?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

"நான் யாருக்கும் ஆக்கிப் போடறவ இல்லம்மா. நெலம் வெச்சிக்கினு இருக்கறவ."

முன் சீட்டில் இருந்த இருவர் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். "பேச்சைப் பார்த்தால் மேனேஜரின் அம்மாவாக இருக்கும். வாயை மூடிக்கொண்டு வா" என்றாள் ஒருத்தி. எனக்குத் தெலுங்கு நன்றாகவே புரியும். நானும் வாயை மூடிக்கொண்டேன். ஜன்னலோர சீட்டு தானாகக் கிடைத்தது.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் ஐடி கார்டு கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மேனேஜரின் அம்மா என்று பெண்கள் சொல்லிவிட்டார்கள். ஓடிப் போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

"எந்த மேனேஜரும்மா?"

"அவங்கதான் சொன்னாங்க. நான் சொன்னேனா?"

"யம்மா, பேஜாரு பண்ணாதீங்க. என் வேலைக்கு வேட்டு வெச்சிடுவீங்க போலகீதே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் நல்ல மனுஷர். அவரே ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி, அரிசிப் பையைத் தூக்கி வைத்து அனுப்பினார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் முதலில் கண்ணில் பட்டது இலைகள். வேப்பிலை பச்சையாக இல்லை, துருப்பிடித்திருந்தது. புகைபோக்கி இல்லாத திசையே கிடையாது. எங்கள் ஊரில் கரும்பு லாரி போகிற மாதிரி இங்கே கம்பிக் கட்டு ஏற்றிய லாரிகள் வாலை ஆட்டிக்கொண்டு போகின்றன. கடைப் பலகைகளில் இந்தி எழுத்தும் இருக்கிறது. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும் என்பதால் எல்லாம் ஒன்றுதான்.

அமுதா தெருமுனையில் காத்திருந்தாள். பசிக்கிறது என்றேன். பீகார்க்காரர் ஒருவர் தள்ளுவண்டியில் கோதுமை மாவு உருண்டையைக் கரி நெருப்பில் சுட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கடலை மாவும் பச்சை மிளகாயும். வெல்லம் போட மறந்த கொழுக்கட்டை மாதிரி இருக்கிறதே என்று முதலில் நினைத்தேன். தொட்டுக்கொள்ளக் கொடுத்த கத்தரிக்காய் மசியலோடு சாப்பிட்டதும் இன்னொன்று கேட்டேன். அவர் இந்தியில் ஏதோ சொன்னார். "என் அம்மாவும் இப்படித்தான், குறை சொல்லிக்கொண்டே இரண்டாவதைக் கேட்பாள்" என்கிறார் என்று அமுதா சொன்னாள். நான் தமிழில் சொன்ன குறை அவருக்கு எப்படிப் புரிந்தது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளை இரும்பு உருக்குகிற ஆலையில் எலெக்ட்ரீஷியன். சாயங்காலம் வந்தார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே தலை குனிந்து, செருப்பைக் கழற்ற வெகு நேரம் எடுத்துக்கொண்டார். அவர் சாப்பிட உட்கார்ந்தபோது நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ரசம் போதுமான்னு கேளு."

"ரசம் போதுமாங்க?"

"போதும்னு சொல்லு."

"போதுமாம்மா."

கல்யாணமானதிலிருந்து நாங்கள் இருவரும் பேசியதெல்லாம் இவ்வளவுதான். இன்றைக்கு நான் விடவில்லை.

"அது இன்னா மாதிரி பாட்டுன்னு கேளு."

அவர் கை சோற்றிலேயே நின்றது. "ஸ்லட்ஜ்னு சொல்லு. சேறு, சகதின்னு அர்த்தம். அது கூட போஸ்ட் மெட்டல்னு இன்னொரு வகையும் கலந்திருக்கும். மெதுவா வாசிக்கணும், கனமா வாசிக்கணும். எங்க பேண்டு பேரு கசடு. இரும்பு உருகும்போது மேல மெதக்குமே, அது. ஆல்பத்துக்குப் பேரு சேடை." அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதேயில்லை. அமுதா திரும்பிச் சொல்ல வாயெடுத்தாள். "காதுல விழுந்துச்சு" என்றேன்.

கையைக் கழுவிவிட்டு வந்து, போனை ஒரு சின்ன ஸ்பீக்கரில் மாட்டி, வெளிநாட்டில் புதிதாக வந்த ஆல்பங்கள் என்று ஒவ்வொன்றாக வைத்தார். முதலாவது, ஜல்லி லாரி பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டுகிற சத்தம். லாரிக்கு அடியே இல்லை போல, கொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டாவதில் யாரோ ஒரு கம்பியை மட்டும் தொட்டுத் தொட்டு விட்டார்கள். நான் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கிற வரைக்கும் வேறொன்றும் நடக்கவில்லை. இதற்கா இத்தனை பேர் என்று நினைக்கும்போது ஏரி மதகைத் திறந்த மாதிரி எல்லாம் ஒரேயடியாக வந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மூன்றாவதில் ஒரு பெண் பாடினாள். அழுகிறாளா, சண்டை போடுகிறாளா என்று கடைசி வரை பிடிபடவில்லை. ஒவ்வொரு பாட்டும் ஓர் உலை அரிசி வேகிற நேரம்.

"ரெண்டாவதை இன்னொரு வாட்டி வெக்கச் சொல்லு" என்றேன்.

அமுதா சொல்வதற்கு முன்பே அது ஓட ஆரம்பித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கச்சேரி. அவர்கள் கச்சேரி என்று சொல்லவில்லை, ஷோ என்றார்கள். மூடிப்போன ஒரு ரோலிங் மில் ஷெட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். இயந்திரங்களைக் கழற்றி விற்றாயிற்று. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் அவை நின்ற இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. மேலே கிரேன் ஓடிய தண்டவாளத்தில் சிட்டுக்குருவிகள். அதிலிருந்து ஒரு இரும்புச் சங்கிலி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

மற்ற இரண்டு பேரை அங்கேதான் பார்த்தேன். பாபு தடா பக்கத்துத் தெலுங்குப் பையன். பையன் என்றால் கல்யாணமானவன்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், பேஸ் கிடார் வாசிக்கிறான். "பெத்தம்மா வந்துட்டாங்க! நம்ம அட்டைப்படம் நடந்து வருது பாரு!" என்று கத்தினான். மாப்பிள்ளை அவன் காலை மிதித்ததை நான் பார்த்தேன். டிரம்ஸ் அடிக்கிற டேனியல் மேகாலயா மலைக்காரர், பக்கத்து ஆலையில் வெல்டர். தன் டிபன் டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். சுட்ட கருவாட்டைப் பச்சை மிளகாயோடு அரைத்த துவையல். வாயில் வைத்தேன். எங்கள் வீட்டுக் கருவாட்டுக்குப் புளி இல்லாத பங்காளி. "எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு கிடார் இருக்கும். எங்களுக்கும் வயல் உண்டு, மலைச் சரிவில். அம்மா இப்போதும் நாற்று நடுகிறாள்" என்று இந்தியில் சொன்னதை பாபு எனக்குச் சொன்னான்.

கூட்டம் சேர்ந்தது. சென்னையிலிருந்து ரயிலேறி வந்த கல்லூரிப் பிள்ளைகள், ஷிஃப்ட் முடித்து வந்த ஒடிசா, அசாம் ஆட்கள், எல்லோருக்கும் கறுப்புச் சட்டை. துக்க வீடு மாதிரி உடுத்திக்கொண்டு கல்யாண வீடு மாதிரி சிரிக்கிறார்கள். வாசலில் ஒரு பெண் எனக்கு இரண்டு சின்னப் பஞ்சு உருண்டைகளைக் கொடுத்தாள்.

"காதுல வெச்சிக்குங்க ஆண்ட்டி. சத்தம் ரொம்ப இருக்கும்."

"பாட்டு கேக்க வந்துட்டு காதை அடைச்சிக்கினு நிப்பாங்களா? எனக்கு வேணாம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அமுதா வாசல் பக்கம் மேஜை போட்டு சட்டைகள் விற்கப் போய்விட்டாள். முன்னால் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரச் சொன்னார்கள். மாப்பிள்ளை மேடையில் நிற்கும்போது அவருக்கு எதிரே நான் உட்காருவதா? சுற்றிலும் பார்த்தேன். ஷெட்டில் கதவே இல்லை. மேடைக்குப் பக்கத்தில் பீரோ உயரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கறுப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அதற்குப் பின்னால் போனால் அவர் கண்ணில் பட மாட்டேன். போய், முதுகைப் பெட்டியில் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

அவை ஸ்பீக்கர்கள் என்பது எனக்குத் தெரியும். சத்தம் முன்பக்கமாகத்தான் போகும் என்று நினைத்துவிட்டேன்.

முதலில் கிடார் ஒரு கம்பி மட்டும். பிறகு டேனியல் ஓர் அடி அடித்தார். அடுத்த அடி வருவதற்குள் மறந்துவிட்டாரோ என்று தோன்றியது. வந்தது. காதில் வரவில்லை, முதுகுத் தண்டில் வந்தது. வயிற்றுக்குள் யாரோ மோட்டாரைப் போட்ட மாதிரி. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலில் வட்டம் வட்டமாக அலை. மேலே தொங்கிய சங்கிலி தானாக நடுங்கியது. குருவிகள் எப்போதோ போய்விட்டன. போகலாமா என்று நானும் யோசித்தேன். கால் நகரவில்லை.

அப்போது ஒரு குரல் எழுந்தது. மாடு முட்டுவதற்கு முன்னால் உறுமுமே, அது மாதிரி. யாரென்று எட்டிப் பார்த்தேன். என் மாப்பிள்ளை. வீட்டில் தண்ணீர் வேண்டும் என்றுகூட வாய் திறந்து கேட்காத மனுஷன், கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடிக்கொண்டு கத்துகிறார். முன்னால் நிற்பவர்கள் குதிக்கவில்லை, கூச்சலிடவில்லை. எல்லோரும் ஒன்றாகத் தலையை மெதுவாகக் கீழே கொண்டுபோய் மெதுவாக மேலே கொண்டுவந்தார்கள், கதிர் முற்றிய வயலில் காற்று போகிற மாதிரி.

வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை. திரும்பத் திரும்ப வந்ததால் ஒரே ஓர் அடி பிடிபட்டது. "எடுத்த கால் வரல, வெச்ச கால் விடல."

அப்போதுதான் என் காலைக் கவனித்தேன். டேனியல் அடிக்கிறபோது என் குதிகால் எழும்பியிருந்தது. அடுத்த அடியில் இறங்கியது. அவசரப்பட முடியாத நடை. சேடையில் அப்படித்தான் நடக்க முடியும். வேறு எப்படி நடந்தாலும் விழ வேண்டியதுதான். ஆடி மாதம் வரப்பில் நின்றவர் என் முழங்காலையா பார்த்தார்? இதையல்லவா பார்த்திருக்கிறார். அந்தப் பாட்டு முடிகிற வரை பெட்டிக்குப் பின்னால் நான் நடந்துகொண்டே இருந்தேன், நின்ற இடத்திலேயே.

எல்லாம் அடங்கியதும் என் காதுக்குள் வண்டு நுழைந்த மாதிரி ஒரே ரீங்காரம். மக்கள் கை தட்டுகிறார்கள், கை தெரிகிறது, சத்தம் இல்லை. அந்த நேரம் வயரைக் கழற்ற மாப்பிள்ளை பெட்டிக்குப் பின்னால் வந்தார். இரண்டடி தூரத்தில் நேருக்கு நேர். நடுவில் கதவும் இல்லை, அமுதாவும் இல்லை. அவர் இரண்டு அடி பின்னால் போய் பெட்டியில் இடித்துக்கொண்டார்.

"அத்தை..." என்று உதடு அசைந்தது. கையில் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். வியர்வை கொட்டியது. எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"அட்டையில என் காலு மட்டும்னா ஆவாது" என்று மெல்லச் சொன்னேன்.

"ஆங்?" அவருக்கும் காது அடைத்திருந்தது.

"என் காலு மட்டும் ஆவாதுன்னேன்!"

"அத்தை, கேக்கல!"

வேறு வழியில்லை. டில்லர்காரனை வயலின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிடுகிற குரலை எடுத்தேன். "மாப்ள! என் காலை மட்டும் தனியா போடக் கூடாது! நாளைக்கு நம்ம ஊட்டு நெலத்துல சேடை ஓட்டறோம்! நீங்க மூணு பேரும் வந்து என்கூட சேத்துல எறங்கணும்! எட்டுக் காலும் சேந்து நின்னா போட்டுக்குங்க!"

எங்கள் இரண்டு பேர் காதுதான் அடைத்திருந்தது, மற்றவர்களுடையது அடைக்கவில்லை. அவர்கள்தான் பஞ்சு வைத்திருந்தார்களே. ஷெட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வாசலிலிருந்து அமுதா வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். யாரோ ஒருவர் கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். பாபு அதை இந்தியில் டேனியலுக்குச் சொன்னான். டேனியல் குச்சிகளைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.

மாப்பிள்ளை அதே அளவு சத்தமாக, "சரிங்க அத்தை!" என்றார். நேராக என் பேச்சுக்கு அவர் சொன்ன முதல் பதில் அது.

திங்கட்கிழமை காலை பாபுவின் சித்தப்பா லோடு ஆட்டோவில் எல்லோரும் திரும்பினோம். நானும் டிரைவரும் முன்னால், மற்றவர்கள் பின்னால். பஸ் நின்ற இடத்தை அவர்களுக்குக் காட்டினேன்.

டில்லர்காரன் எங்களைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினான். "இன்னா பெரியம்மா, நடவுக்கு வடக்கேர்ந்து ஆளு கூட்டியாந்துட்டியா? இந்த பேண்ட்டுக்காரரு ஒரு கட்டு நாத்துகூட நட மாட்டாரே!"

"வாயை மூடுறா. ஊட்டு மாப்ள" என்றேன்.

மாப்பிள்ளை பேண்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினார். வெயிலே படாத கால். அன்றைக்கு அவர் என் காலைப் பார்த்தார், இன்றைக்கு நான் அவர் காலைப் பார்த்தேன். எனக்கு மனம் லேசாகிவிட்டது.

டேனியல் சொந்த வயலில் இறங்குகிற மாதிரி இறங்கினார். பாபு மூன்றாவது அடியிலேயே உட்கார்ந்துவிட்டான். மாப்பிள்ளை நடு வயல் வரை வந்தவர் அங்கேயே நட்டு வைத்த மாதிரி நின்றார். எடுத்த கால் வரவில்லை, வைத்த கால் விடவில்லை. பாட்டைப் பாடினவர் அவர்தான், இப்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே! கை கொடுத்து இழுக்க என்னால் முடியுமா? மாமியார் கை மாப்பிள்ளை மேல் படக் கூடாது. மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, காம்பை நீட்டினேன். அந்த முனையை அவர் பிடித்தார், இந்த முனையை நான் பிடித்து இழுத்தேன். வந்துவிட்டார்.

வரப்பிலிருந்து அமுதா படம் எடுத்தாள். முழங்கால் வரை சேறு, அதற்கு மேலே ஒன்றும் தெரியாது.

காது இரண்டு நாளில் சரியாயிற்று. அதற்கப்புறம் பழையபடி அமுதா வழியாகத்தான் பேச்சு. ஆனால் புது ஆல்பம் ஏதாவது வந்தால் அவளுக்கு முன்பே எனக்கு அனுப்பிவிடுகிறார். நானும் கேட்டுவிட்டு, "ரெண்டாவது பாட்டு நல்லாகீதுன்னு சொல்லு" என்று அவளிடம் சொல்லி அனுப்புகிறேன்.

சேடை அச்சாகி வந்தது. ரேஷன் கடை வரிசையில் அதை வாங்கிப் பார்த்த பெண்கள் எட்டுக் காலையும் விரல் வைத்துத் தடவித் தடவிப் பார்க்கிறார்கள். "இதுதான் உன்னுதா? இல்ல, இதுவா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாம் ஒரே சேறு. எது என் கால் என்று எனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியும். நான் சொல்வதில்லை. அவரை யாராவது கேட்டால், "அத்தையைத்தான் கேக்கணும்" என்று கதவுப் பக்கம் கை காட்டுகிறாராம்.